நாலேகால் பாகமும் கொஞ்சமும்

முட்டம் துறைமுகம், ஐஸ் ஆலை, இரவு பத்தே கால்.
அரவையை நிறுத்தச் சொன்னேன்.
முதலாளிக்குத் தெரிந்தால் ஏசுவார் என்றான் சுபின்.
ஏசட்டும். ஆறு தாவல்தான்,
அதற்குள் ஒரு கட்டியும் உருகிவிடாது.

உப்புச் சாக்கில் சாய்த்து வைத்த கைபேசியில்
ஏதோ ஒரு வளைகுடா நகரத்தின் வெளிச்சம்.
அதில் ரெஜின், எங்கள் கடியப்பட்டணத்து ரெஜின்,
நெஞ்சில் நாட்டின் பெயரோடு
தலைக்கு மேல் கை தட்டுகிறான்.
அரங்கம் முழுக்கத் தட்டுகிறது.
சுபினும் தட்டினான்.
என் கையில் ஐஸ் கொக்கி இருந்தது.

ஓடினான்.
சிவப்புக் கொடி.

பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்:
பலகையைத் தாண்டிக் காலணி நுனி, ஒரு மயிரிழை.
உள்ளே இருக்கும் பெருவிரலை எனக்குத் தெரியும்.
சிப்பிப் பாறையில் நகம் பெயர்ந்து தொங்கியபோது
பல்லைக் கடி என்று சொல்லிப் பிடுங்கியவன் நான்.
அன்றிலிருந்து கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்ப்பான்.
குனியாதே லே, குனியாதே லே,
சொல்லிச் சொல்லித் தோற்ற வாய் இது.

எங்களுக்குப் பலகை ஏது?
உடைந்த வள்ளத்தின் ஒரு துண்டு,
கோயிலுக்குப் பின்னால் புதைத்தது.
குழிக்கு மணல் மணவாளக்குறிச்சியிலிருந்து
சைக்கிளில், சாக்கு சாக்காக:
கருமணல், நனைந்த வலையின் கனம்.
விழுந்து எழுந்தால் உடம்பெல்லாம் மினுங்கும்,
மூன்று நாள் குளித்தாலும் காதுக்குள் இருக்கும்.
அளக்கத் தூண்டில் கயிறு,
பாகத்துக்கு ஒரு முடிச்சு.
அவன் மூன்றே முக்கால் பாகம்.
நான் மூன்றே முக்காலும் ஒரு சாணும்.
யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவதும் கொடி.
மூன்றாவதில் பயந்து, ஓரடி முன்னாலேயே எழும்பி
ஏழு அறுபத்து நான்கு.
எட்டாவது ஆளாக ஒட்டிக்கொண்டான்.
திரையின் ஓரத்தில் காற்றின் வேகம் எழுதுகிறார்கள்.
காத்தையுமா அளப்பாங்க, என்றான் சுபின்.
ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில்
கைலி பறக்க நின்றவனுக்கு
வரவேண்டிய சந்தேகம்தான்.

நான்காவது ஏழு எண்பது.
ஐந்தாவது கொடி.
கூடையோடு வந்து நின்றாள் பெர்பெத்தம்மாள்:
ரெண்டு கூடை ஐஸ் கேட்டேனே மக்கா, மீனு நாறிப்போவும்.
பிறகு எட்டிப் பார்த்து:
நம்ம ரெஜினா? இம்புட்டுத் தூரம் போயி
மண்ணுலயா விழுதான்?

ஆறாவது.
கடைசி ஐந்து எட்டில்
தலை நிமிர்ந்தே இருந்தது.
எழும்பினான். காற்றில் இரண்டு எட்டு நடந்தான்.
எனக்குக் கணுக்கால் இழுத்தது,
வின்ச் கயிறு சுற்றிய கணுக்கால். அதற்கென்ன,
அது மழைக்கும் இழுக்கும்.

வெள்ளைக் கொடி.
ஏழு தொண்ணூற்றொன்று.
மூன்றாம் இடத்தில் இருப்பவன்
ஏழு தொண்ணூற்றிரண்டு.

பெர்பெத்தம்மாளின் கூடையிலிருந்து
ஒரு நெத்திலியை எடுத்து அகலம் பார்த்தேன்.
அவ்வளவுதான்.

மணலில் உட்கார்ந்தே இருக்கிறான்.
பக்கத்தில் ஒருவர் வாருகோலோடு காத்திருக்கிறார்.
அந்த ஊர் மணல் வெளுப்பு.
தட்டினால் உதிர்ந்துவிடும்.

நாடாவை எடுத்தேன்.
அரவை இயந்திரத்தின் காலில் ஒரு முனையைச் சுபின் பிடிக்க
எடைத்தட்டு தாண்டி, வாசல் தாண்டி,
லாரியின் பின்சக்கரத்தில் போய் முடிந்தது.
சாக்பீஸால் கோடு போட்டேன்.
சுமை ஏற்றுகிறவர்கள் சிரித்துக்கொண்டே வந்து
ஒவ்வொருவராகத் தாவிப் பார்த்தார்கள்.
ஒருவன் எடைத்தட்டோடு நின்றான்.
ஒருவன் வழுக்கி, ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்து
தன் தாயைக் கூப்பிட்டான்.
நீ தாவலயா அண்ணே?

அரவையைப் போடு, என்றேன்.

அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டு தட்டெழுதினேன்:
நாலேகால் பாகமும் கொஞ்சமும். குனியல லே நீ.

மூன்று மணிக்குப் பதில் வந்தது.
அந்த ஒரு சாண்
உங்கிட்டதான கெடக்கு,
குடுத்திருக்கலாமே லே.

இன்னும் நாற்பது பெட்டி பாக்கி.