உதை எண்ணும் அட்டை

பதினொரு வயது. கதவைச் சாத்திவிட்டாள்.
உள்ளே கொண்டி விழுந்த சத்தம் கேட்டது.
போன கிழமை ரஜீவன் பூட்டிக் கொடுத்த கொண்டி.
வேண்டாம் என்றேன் நான்,
மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் அவள் வாய் திறக்கவில்லை.

இன்றைய குற்றம்
பள்ளிக்கூடக் கேற்றடியில் நான் நின்றது.
“எல்லாரும் பாக்கினம். இனிமேல்
பார்மசிக்கு முன்னாலை நில்லுங்கோ.”
மழை நாளில் அத்தனை குடைக்குள்ளே
என்னை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன்.
அதுவும் குற்றம்.

சுவரில் முதுகு சாய்த்து நிலத்தில் இருக்கிறேன்,
மடியில் அயன் பண்ணாத சீருடை.
அந்தப் பக்கம் அவளுடைய கட்டில்.
கால் சுவரில் படுகிறது. டொக்.
கோபமா, காதுக்குள் போட்ட பாட்டுக்குத் தாளமா, தெரியாது.
ஒன்று.

கிளினிக்கில் அன்று ஓர் அட்டை தந்தார்கள்.
குழந்தை உதைக்கும்போதெல்லாம் ஒரு கோடு.
பத்து வந்தால் நல்லது. வராவிட்டால்
ராத்திரி என்றும் பாராமல் காசில் வீதிக்கு வா என்று
சிங்களத்தில் சொன்னா மருத்துவமாது குமுதினி,
பிறகு பத்து விரலாலும் சொன்னா.

எனக்கு வங்கியில் காசு எண்ணுகிற வேலை.
ஐயாயிரம் தாள்களை இயந்திரம் எண்ணும் இடைவெளியில்
லாச்சியைத் திறந்து கோடு கீறுவேன்.
ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி,
ஏழே ஏழு.
குளிர நெக்டோ குடியுங்கோ என்றாள்
பக்கத்துக் கவுண்டர் ஃபரீனா.
குடித்தேன். பாணந்துறை ரயில்
கடற்கரைப் பக்கம் ஊதிக்கொண்டு போனது.
எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.
கள்ளி.

பிறந்த பிறகு ஒருவரும் அட்டை தரவில்லை.
பழக்கத்தில் நானே எண்ணினேன்.
பால் குடித்த நிமிடங்கள், நனைந்த துணிகள்,
நித்திரை கொண்ட மணித்தியாலங்கள்
(அதற்குப் பெரிய கணக்கில்லை).
லிப்ட் பழுதான மாதம் அறுபத்தெட்டுப் படி,
ஒரு தோளில் அவள், மறுதோளில் மரக்கறி.
காகத்துக்கு ஒரு வாய், ரயிலுக்கு ஒரு வாய்,
மேல்மாடி நாய்க்கு ஒரு வாய், பதினேழு வரை போகும்.
பதினெட்டாவது என் அலுவலகச் சாறியில்.

பிறகு பள்ளிக்கூடம் எண்ணியது:
வீட்டிலிருந்து எத்தனை மீற்றர்,
இடையில் எத்தனை பள்ளிக்கூடம்,
மின்சாரத் துண்டில் எத்தனை வருடம் உங்கள் பெயர்.
வாடகை வீட்டுக்காரருக்குப் புள்ளி குறைவு.
மூன்றாவது முறையீட்டில்தான் வெள்ளைச் சப்பாத்து வாங்கினோம்.

ஆறு வயதில் டெங்கு.
ரிட்ஜ்வேயில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள்.
உள்ளே போனது எத்தனை மில்லி,
சலமாய் வெளியே வந்தது எத்தனை மில்லி,
பிளேட்லெட் நாற்பத்திரண்டு, முப்பத்தொன்று, பத்தொன்பது.
அந்தப் பத்தொன்பதோடு ஓர் இரவு முழுக்க இருந்தேன்.
ரஜீவன் வராந்தாவில் நின்று
நுளம்புகளை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வகுப்பில்
வெட்டுப்புள்ளிக்கு இரண்டு குறைவு.
அன்று நான் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.
ஆரபி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.
எண்ணுகிறவள் நான் மட்டுமில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.

டொக்.
ஏழு.

பிறகு ஒன்றும் இல்லை.
மின்விசிறிச் சத்தம்.
தூரத்தில் ஏதோ ரயில்.
கால் மரத்துப்போய்விட்டது எனக்கு.
கதவில் தட்டலாம். தட்டினால்
அது நாளைய குற்றம்.

எழும்பிக் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
கிளாஸைக் கதவடியில் வைத்து
“நெக்டோ” என்றேன், கதவுக்கு.
வந்து பழையபடி சுவரடியில் இருந்தேன்.

நெடுநேரம் கழித்துக் கொண்டி அசைந்தது.
ஒரு கை, நகத்தில் அரைவாசி உதிர்ந்த நீலப் பூச்சு,
கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.
திரும்பவும் கொண்டி.

அட்டையில் இதை எங்கே கீறுவது என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
உள்ளிருந்து குரல்:
“அந்த மஞ்சள் குடையைக் கொண்டு வாங்கோ.
பார்மசிக்கு முன்னாலை. கிட்ட வராதேங்கோ.”