ஒன்றுக்கு எழுபத்திரண்டு

முதலில் ஒரு நடுக்கோடு.
கறுப்புத் திரையில், மூக்கிலிருந்து வால்வரை
இருநூற்று எண்பத்து மூன்றரை மில்லிமீற்றர்.

பகலில் இதே திரையில்
மற்றவர்களின் குளியலறைகளை வரைகிறேன்.
கொக்குவிலில், கோண்டாவிலில்
கனடாக் காசில் எழும் மேல்மாடிகள்.
ஆறு மணிக்குப் பிறகு கோப்புகளை மூடிவிட்டு
அவ்ரோவைத் திறக்கிறேன்.

பெட்டியில் வாங்கி ஒட்டலாமே என்றாள் தயாளினி,
கணக்கு மேசையில் இருந்து.
ஒட்டலாம்தான் என்றேன்.

பாதியை வரைந்தால் போதும்.
மறுபாதியைக் கண்ணாடிக் கட்டளை கொண்டுவரும்.
ஒரு சொடுக்கு:
வலச்செட்டைக்கு எதிரே இடச்செட்டை.

மும்முகப் படமொன்று இருக்கிறது என்னிடம்.
அடிவயிற்றை வரையும்போது
அதைத் திறக்கவேயில்லை.
செட்டை எங்கே உடலைத் தொடும்,
சில்லு மடங்கும் புடைப்பு எங்கே தொடங்கி
எங்கே கூராகும்,
எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது.
பிறகு படத்தோடு வைத்து அளந்தேன்.
பதின்மூன்று இடம்.
எங்கும் அரை மில்லிமீற்றருக்கு மேல் பிழையில்லை.

முதுகுதான் வரமாட்டேன் என்றது.
ஒவ்வொரு கோட்டுக்கும் படத்தைப் பார்த்தேன்,
மறந்தேன், திரும்பவும் பார்த்தேன்.
இந்த ஊரில் யார் கண்டது
அதன் முதுகை?

செட்டைக்குள் வைக்கும் விலாக்கள் பதினெட்டை
ஸ்ரான்லி வீதியில்
பெயர்ப்பலகை வெட்டும் கடையில் கொடுத்தேன்.
லேசர் புகைய
ஒவ்வொன்றாய் விழுந்தன.
கடைப் பெடியன் பொறுக்கித் தந்தான்:
"என்னண்ணை, சுறா முள்ளோ?"

உடலுக்குக் குருநகர் போனேன்.
வள்ளம் வார்க்கிற யூட் அமிர்தன்
நான் ரெஜிபோமில் செதுக்கிய அச்சின்மேல்
கண்ணாடி நாரைப் படியவிட்டு
பிசின் தடவியபடி சொன்னான்:
"இது சகடை இல்லை மச்சான்.
சகடை சீனாக்காரன்ரை. எனக்குச் சத்தம் தெரியும்."
வாயைக் குவித்துப் போட்டும் காட்டினான்,
தொலைவிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி.
இருவருமே கூரையைப் பார்த்தோம்.
தகரம். ஒரு பல்லி.
பிசின் இறுகுவதற்குள்
அவன் திரும்பவும் தூரிகையை எடுத்தான்.

பூச்சு மணம் போக
ஜன்னலோரம் வைத்திருந்த நாளில்
தயாளினி குனிந்து பார்த்தாள்.
"கதவைப் பூட்டி வைச்சிருக்கிறீங்கள்."
பறக்கேக்கை பூட்டித்தானே இருக்கும் என்றேன்.
"இல்லை. திறந்துதான் வந்தது.
இடப்பக்கம், பின்னுக்கு.
அதுக்குள்ளை ஒருத்தன் நிண்டவன்,
சேட்டு நிறம்கூட…"
பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு
தன் மேசைக்குப் போய்விட்டாள்.

அன்றிரவு கோப்பைத் திறந்தால்
கண்ணாடிக் கட்டளையின் புண்ணியத்தில்
இரண்டு பக்கமும் கதவு, இரண்டும் மூடி.
வலப்பக்கத்தை அழித்தேன்.
இடப்பக்கம் உடலை அறுத்து
உள்ளே கறுப்பு பூசினேன்.
அந்த ஓட்டைக்குப் பிறகு
நடுக்கோட்டுக்கு வேலையில்லை.

மொடல் செய்கிறவர்கள்
பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவார்கள்,
பார்ப்பவருக்கு அளவு விளங்க.
கணக்குப் பார்த்தேன்.
ஆறு வயதுப் பெடியன்: பதினைந்து மில்லிமீற்றர்.
பங்கர்: தீப்பெட்டியில் பாதி.
அது வந்த உயரம்
நாலாயிரம் அடி என்று வைத்தால் பதினேழு மீற்றர்.
அலுவலகக் கூரை மூன்றுதான்.
வானூர்தியை வாசலில் வைத்து
பெடியனைக் கிணற்றடியில் இறக்கினாலும்
எங்கள் கிணறு ஏழுக்குமேல் இல்லை.

முடிந்தது. மேசைவிளக்கின் கீழ் வைத்துவிட்டு
எழும்பி நின்றேன்.
முதல்தடவையாக மேலிருந்து.
சாம்பல் நிறம். ஒரு அன்ரனா.
செட்டையில் என் பெருவிரல் ரேகை ஒன்று
பூச்சுக்குள் காய்ந்துபோய்.
இவ்வளவுதானா என்று இருந்தது.
இல்லை, அப்படியும் இல்லை.
கொஞ்ச நேரம் இருக்கையில் இருந்து
கீழிருந்து பார்த்தேன்,
பிறகு தாங்கியைத் திருப்பிவைத்தேன்,
முதுகு தெரிகிற மாதிரி.

பெடியனையும் செய்திருந்தேன்,
செப்புக்கம்பியில், தலை அண்ணாந்து.
வைக்க ஓரிடமும் அமையவில்லை.
காலை எட்டுக்குக் கொக்குவில்காரர் வருவார்,
மேல்மாடியில் இன்னொரு ஜன்னல் கேட்டு.
லைற்றை நிற்பாட்டி
பெடியனைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு
சைக்கிளை எடுத்தேன்.