பியானோவுக்கு இடமில்லை

கிராண்ட் ராப்பிட்ஸ், 1954.
ஏலத்துக்கு வந்த வரைபடத்தைப் பார்க்கப் போனேன்.
கூரைக்கோடு ஒரே இழுப்பு, கை நடுங்கவில்லை.
ஓரத்தில் சிவப்புப் பென்சில்:
“மேற்கே முழுக்கக் கண்ணாடி. திரை கூடாது.”
“பியானோவா? விற்றுவிடட்டும்.”
கீழே இரண்டு கோடு.
கார் கொட்டகை வெறும் கட்டம்,
குறிப்பேதும் இல்லை.

வெர்னா ஹூக்ஸ்ட்ரா விற்கவில்லை.
முப்பது குளிர்காலம்
கார் பனியில் நின்றது.
நான் சுருதி சேர்க்கப் போகும்போதெல்லாம்
பெட்ரோல் வாசம்,
துருப்பிடித்த கம்பி,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு அவள்.
“மெல்ல முடுக்குங்கள், கேட்கும்.”

வீட்டைப் பார்க்க
பேருந்தில் வருவார்கள் மாணவர்கள்.
கண்ணாடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.
எங்கிருந்தோ வாசிக்கிறார்களே என்று
ஒரு பையன் கேட்டான்.

வானொலி, என்றார் டிர்க்,
கார் கண்ணாடியில்
பனியைச் சுரண்டிக்கொண்டே.