சதுர அடிக்கு முப்பத்தெட்டு

டீச்சர், எவ்வளவு ஆகும் என்று
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டீர்கள்.
குக்கர் மூன்றாவது விசில் போட்டதால்
"ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.
இப்போது சொல்கிறேன்.

புல் பதிக்கச் சதுர அடிக்கு முப்பத்தெட்டு.
வலங்கைமான் சாலை நர்சரி இருதயராஜ்
நாற்பத்தைந்தில் ஆரம்பிப்பார்.
பேசாமல் நின்றால் தானாக இறங்குவார்.
எனக்கு அறுநூறு சதுர அடி:
இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு.

மண் தனி.
"இந்த ஊர் மண்ணு ஒத்துக்காதும்மா, களி.
தண்ணி நின்னா கொரியன் புல்லு அழுகிடும்."
முப்போகம் விளைந்த மனை இது,
தாய்ப்பத்திரத்தில் இன்னும் நஞ்சை.
அதன் தலைமேல்
வல்லத்திலிருந்து ஒரு லோடு செம்மண் வந்து உட்கார்ந்தது.
நாலாயிரத்து ஐந்நூறு.

மாதம் இரண்டு தடவை மிஷின் ஓட்ட
ஆயிரத்து எண்ணூறு.
வளர்வதற்கு உரம் போட்டுக் காசு வாங்குபவரும் அவர்,
வளர்ந்துவிட்டது என்று வெட்டிக் காசு வாங்குபவரும் அவர்.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு நான்,
இதற்கெல்லாம் எனக்குச் சிரிப்பு வராது.
வெட்டிய புல்லை இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு போகிறார்.
ஆட்டுக்காரர் யாரோ எடுக்கிறார்கள் போல.
என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை.
நீங்கள் கேளுங்கள்.

களை பறிக்க நானூறு.
அதில் பவளக்கொடி கைக்குப் போவது இருநூற்றைம்பது.
முதல் நாள் குந்தி உட்கார்ந்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"எல்லாமே புல்லாத்தானே இருக்கு,
இதுல எதும்மா களை?"
"இருதயராஜ் வச்சது தவிர எல்லாம்."
கோரை வந்தது, கீழாநெல்லி வந்தது.
அருகு, ஒரு முழ வேரையும் இழுத்துக்கொண்டு வந்தது.
பிள்ளையார் கோயில் வாசலில் கட்டு பத்து ரூபாய்;
இங்கே பிடுங்கிப் போடக் கூலி.
ஓரத்தில் ஒரு நெல், நாலு இலை,
எருவோடு வந்ததாக இருக்கும்.
அதைச் சுற்றி எல்லாம் பறித்துவிட்டு
எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை மிஷின் வந்தது.
எல்லாம் ஒரே உயரம்.

தை முடிவதற்குள் மேட்டூரை மூடிவிடுவார்கள்.
மாசியில் அரசலாறு மணல்.
பின்னால் வயலில் தெளித்த உளுந்து
பனியைக் குடித்தே பூத்துக் காய்க்கும்.
நம் புல் அப்படிப்பட்ட வீட்டில் பிறக்கவில்லை:
போர் மோட்டார், தினம் இருபது நிமிடம்.
கரன்ட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.
சேர்த்தால் தூக்கம் வராது.

உரம் நாலு தடவை, களை ஆறு தடவை,
ஆக முதல் வருஷம்
ஐம்பத்திரண்டாயிரத்து எழுநூறு.

ஆசை அவருடையது.
தோஹாவில் பதினோராவது மாடி, ஜன்னலைத் திறந்தால் கிரேன்.
"போனைத் தரையோட பிடி" என்பார்,
புல்லைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.
சித்திரையில் வந்தார், இருபத்திரண்டு நாள் லீவு.
மூன்று சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.
கொசு.
மொத்தம் நாற்பது நிமிடம்.
நிமிடத்துக்கு
ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாய், ஐம்பது காசு.
வகுத்துப் பார்த்தது நான்தான். அவரிடம் சொல்லவில்லை.

கடைசிச் சாயங்காலம், கடைசி நாலு நிமிடம்,
செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.
வரவா செலவா, எந்தப் பக்கம் எழுதுவது
என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அது கிடக்கட்டும்.
உங்களுக்கு எத்தனை சதுர அடி?