அரைச் சவரம்

முதற்பூசை முடிந்து வருகிறவர்கள்
நேரே என் கதிரைக்குத்தான் வருவார்கள்.
குருநகரில் ஞாயிறு காலை,
அமெரிக்காவில் அது இன்னும் சனி இரவு.
கண்ணாடிக்கு மேலே ரீவியில்
யாரோ யாருக்கோ அடித்துக்கொண்டிருப்பான்.
கீழே நான் நுரை குழைத்துக்கொண்டிருப்பேன்.

மயிர் வெட்ட இல்லாதவனும் வந்து
வாங்கில் குந்துவான் ஒரு காலத்தில்.
ஆர் ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.
சிவப்புக் காற்சட்டைக்கு எமில்டன்,
நீலத்துக்கு யூட் மாஸ்ரர்,
பந்தயம் ஒரு சோடா.
அவ்வளவு போதும்
முன்பின் தெரியாத ஒருவனுக்காகத்
தொண்டை கட்டக் கத்த.

பிறகு கேபிள்காரன் அந்தச் சனலை எடுத்துவிட்டான்.
வேறொரு சனல் வந்தது. அதுவும் போய் ஓர் ஆப்.
ஒரு சண்டைக்கு ஒரு விலையாம்.
கணக்குப் பார்த்தேன்:
இருபத்தெட்டுத் தலை.
இருபத்தெட்டுத் தலை வெட்டினால் ஒரு சண்டை,
அதில் ஒருவன் இரண்டாம் ரவுண்டிலேயே
கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்றால்
என்ர கை உளைவுக்கு ஆர் பொறுப்பு?
ஸ்காபரோ மச்சான் கடவுச்சொல் தந்திருந்தான்.
போன மாதம் மாற்றிவிட்டான், சொல்லாமல்.
இப்போது வேறொருவருடையது.
பெயர் சொல்லமாட்டேன்.

“சம்பியன் ஆர்?” என்றார் சூசைதாசன்.
நாலு பேர் என்றேன்.
“ஒரே நிறைக்கோ?”
ஒரே நிறைக்குத்தான். பெல்ற் நாலு.
“அப்ப அந்த நாலு பேரும் அடிபடட்டுமன்.”
அதைத்தான் அஞ்சு வருசமாய்
மேசைக்கு மேசை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
தோற்காதவன் ஒவ்வொருவனும்
தன் பூச்சியத்தை முட்டை மாதிரிக் காவித் திரிகிறான்,
உடைந்துபோகுமாம்.
சூசைதாசன் துவாயை இழுத்து
முகத்தை மூடிக்கொண்டார்.

பாசையூர்ச் சந்தையில் மீன் நிறுக்கிற வின்சிலோஸ்
ஒரேயொரு நாள் பன்னிரண்டு ரவுண்டும்
கண் வெட்டாமல் பார்த்தார்.
அடி வாங்கியவனின் கையை நடுவர் உயர்த்தினார்.
“தட்டில விரல் வைச்சு நிறுத்திருக்கிறாங்கள்.
எனக்குத் தெரியாத விரலே?”
அதற்குப் பிறகு மீசைக்கு மட்டும் வருகிறார்.

இன்றைக்கு எட்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள்.
பத்தேகால் ஆகியும் கோட்சூட்டுக்காரர் பேசுகிறார்கள்.
நடுவில் ஒரு வீடியோக்காரப் பெடியனும்
ஓய்ந்துபோன ஒரு நடிகனும்
கையுறை போட்டுக் கட்டிப்பிடித்து நின்றார்கள்.
எமில்டனின் வலக்கன்னம் முடித்து
இடக்கன்னத்துக்குத் திரும்புகிறேன்,

வெளியே சத்தம்.
ஐஸ் லொறிக் கிளீனர் றெக்சனும்
ஓட்டோக்காரச் செல்வினும்.
வாங்கில் இருந்த ஏழு பேரும் றோட்டில்.
நுரையோடு எமில்டன். சீப்போடு நான்.
ஆர் ஆருக்கு எவ்வளவு கடன்,
போன பெருநாளில் ஆர் என்ன சொன்னவன்,
எல்லாம் எல்லாருக்கும் தெரியும்.
மூன்று அடி. ஒரு செருப்புப் பறந்தது.
செல்வினின் பெண்சாதி டெய்சிராணி
வாசலில் வந்து நின்று
இரண்டு பேரையும் முழுப்பெயரில் கூப்பிட்டாள்.
முடிந்தது.
ஆர் தோற்றது என்று
ஒருவருக்கும் புள்ளி போட்டுக் காட்டவேண்டியிருக்கவில்லை.

திரும்பி உள்ளே வந்தோம்.
புகைக்குள்ளால், பாட்டுக்குள்ளால்,
சம்பியன் இன்னும் நடந்து வந்துகொண்டிருந்தான்.

“மிச்சத்தை வழியுங்கோ அண்ணை, மச் இருக்கு.”
வழித்தேன். படிகாரம் தடவினேன்.
ஒருவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை.
முகத்தைத் துடைத்தார்கள், போனார்கள்,
காசை லாச்சியில் தாங்களே போட்டு.

மணி அடித்தது.
நான் சிவப்பை எடுத்துக்கொண்டேன்.
ஆறாம் ரவுண்டில், கடவுளே, என்ன ஒரு இடதுகைக் குத்து.
நீலம் முழங்காலில்.
திரும்பிப் பார்த்தேன்,
சோடா கேட்க.