இருபத்துநாலு கிராம்

யாரும் இடிக்கவில்லை.
அதுதான் முதல் வெட்கம்.
பாசையூர் மைதானம், எழுபத்தோராம் நிமிடம்,
எனக்கும் கோலுக்கும் நடுவில் காற்று மட்டும் நின்றது.
இடது தொடையின் பின்னால்
நைலோன் கயிறு அறுந்த சத்தம்,
எனக்கு மட்டும் கேட்டது.
நடுவர் விசில்கூட ஊதவில்லை.
பந்து தன்பாட்டில் கோட்டைத் தாண்டிப் போனது.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துச் சொன்னார்கள்:
தசையில் இரண்டாம் தரக் கிழிசல்.
கிழிசல் என்ற சொல் எனக்குப் பிடித்தது.
கிழிந்ததை என்ன செய்வதென்று
குருநகரில் வலையோடு வளர்ந்தவனுக்குத் தெரியாதா?
கொன்சி சொன்னாள்,
"உங்களைப் பொத்துறதுக்கு ஊசி இல்லையப்பா."

பிறகு ஸ்காபரோவிலிருந்து பெனடிக்ற் மச்சானின் பார்சல்.
கறுப்புப் பேணி, என் தலையைவிடப் பெரியது.
அதில் ஒருவன், கழுத்தே இல்லாமல்
தோளில் நேரே தலை முளைத்தவன்.
உள்ளே வனிலா வாசத்தில் புரதமா.
கூடவே கிரியற்றின் ஒரு சின்னப் போத்தல்.
கூடவே மீனெண்ணெய்க் குளிசை.
குருநகருக்கு,
மீனெண்ணெய்,
கனடாவிலிருந்து.

நாளுக்கு மூன்று தரம் கலக்கிக் குடித்தேன்.
கட்டிலில் கிடந்தபடியே குடித்தேன்.
ஐஸ் கொம்பனியில் அரைச்சம்பளம்,
வயிற்றில் வாடைக்காற்று.
மூன்றாம் கிழமை கொன்சியின் தையல் நாடாவால் அளந்தேன்.
மற்றத் தொடையைவிட இது
ஒன்றரைச் சென்ரிமீற்றர் மெலிந்திருந்தது.

பிசியோ யாமினி என்னிலும் நாலு வயது இளையவள்.
பேணியை உருட்டி உருட்டி வாசித்தாள்.
"ஒரு கரண்டியில இருபத்துநாலு கிராம்.
நாலு முட்டையிலயும் அவ்வளவுதான் இருக்கு.
குடியுங்கோ, பிழையில்லை.
ஆனா மாவுக்கு உங்கட காலின்ர விலாசம் தெரியாது.
அதை நீங்கள்தான் எழுதோணும்."

எழுதத் தொடங்கினேன்.
குதியை நிலத்தில் ஊன்றி, அழுத்தி, பத்து எண்ணி விடுவது.
மல்லாந்து கிடந்து இடுப்பை மட்டும் உயர்த்துவது.
கொன்சியின் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி
யன்னல் கம்பியில் கட்டி இழுப்பது.
பக்கத்து வீட்டுப் பெடியன் எட்டிப் பார்த்து
"அண்ணை, காத்துப் போட்டுதோ?" என்றான்.

வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள் யாமினி.
மூன்று மட்டும் போகலாம். நாலென்றால் நிறுத்தவேண்டும்.
நாலை மூன்று என்று சொன்ன நாளும் ஒன்று உண்டு.
அந்தப் பொய்யின் விலை இரண்டு கிழமை.

அதற்கிடையில் இறுதியாட்டம் வந்தது, போனது.
என் இடத்தில் டியூக் விளையாடினான்.
நன்றாகவே விளையாடினான்.
அதற்கு எந்தக் குளிசையும் இல்லை.

ஒன்பதாம் கிழமை புதிய பாடம்.
முழந்தாளில் நில், ஒருவர் கணுக்காலைப் பிடிக்க
முதுகு வளையாமல் முன்னால் விழு.
மெதுவாக விழு.
அவ்வளவுதான் பயிற்சி.
யாகப்பர் கோயிலிலும் நான்
இத்தனை நேரம் முழந்தாளில் நின்றதில்லை.
முதல்நாள் கொன்சி "ஒண்டு" என்று வாய் திறக்குமுன்
நாடி நிலத்தில்.
பல்லில் இரத்தம்.
அவள் சிரித்துவிட்டு, பிறகு
தலையணையைக் கொண்டுவந்து போட்டாள்.

முட்டை, கீரிமீன், பயறு,
ஒரு கரண்டி மா, ஒன்றே ஒன்று.
நித்திரையும் மருந்தென்று யாமினி சொன்னதால்
ஒன்பது மணிக்கே விளக்கணைத்தோம்;
எல்லா நாளும் நித்திரை கொண்டோம் என்று சொல்லமாட்டேன்.

இன்றைக்குப் பேணி முடிந்தது.
கழுவிக் காயவைத்து மிளகாய்த்தூள் போட்டிருக்கிறாள்.
கரண்டி சீனிக்குப் போய்விட்டது.
மச்சானின் அழைப்பு, போன் நிலத்தில், ஸ்பீக்கரில்:
"எப்பிடியடா, மா வேலை செய்யுதோ?"

"ஓம் மச்சான்" என்கிறேன், சாய்ந்துகொண்டே.
தொடையின் பின்னால் ஏதோ நடுங்குகிறது,
நடுங்கியபடியே பிடித்துக்கொள்கிறது.
கணுக்காலில் குந்தியிருந்து எண்ணுகிறாள் கொன்சி,
நாலு,
அஞ்சு.
நிலம் இன்னும் வரவில்லை.