சுண்டுவிரல் வைக்கும் இடம்

முதலில் நகத்தை வெட்டு என்றான் மோசஸ் ரூபன்.
வெட்டினேன்.
இன்னும் என்றான்.
சதை மட்டும்தான் தந்தியைத் தொடலாமாம்.
எங்கோ படித்திருக்கிறான்,
அவனுக்கும் வாசிக்கத் தெரியாது.

காக்ஸ் டவுனில் கிட்டார் ரிப்பேர் கடை.
மூன்று வருடம் முன்பு ஒருவர்
முதுகு பிளந்த லூட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.
ஒட்டியாயிற்று. போன் செய்தால்
ராங் நம்பர் என்றது ஒரு குரல்.
அறுத்த பூசணிப் பாதிபோல
விட்டத்தில் தொங்கிக் கிடந்ததை
என் மடியில் வைத்தான்.
வழுக்கியது. சமையலறை ரப்பர் விரிப்பைத்
தொடைமேல் போட்டுக்கொண்டேன்.

பதினைந்து தந்தி.
ஒன்று தனி, மற்றதெல்லாம் ஜோடி.
ஜோடியில் ஒன்றை மட்டும் தொட்டால்
மற்றது முறைத்துக்கொண்டு உறுமும்.
இரண்டையும் ஒரே மூச்சில் தொட வேண்டும்,
இழுக்காமல்,
லேசாக அமுக்கி, விட்டு.

விடுவது எனக்கு வராது.
விடாமல் பிடிக்கத்தான் சம்பளம்.
பையப்பனஹள்ளி யார்டில்
மெட்ரோ வண்டியைக் கையால் நகர்த்தும்போது
நெம்புகோல் அமுங்கியே இருக்க வேண்டும்.
தளர்ந்தால்
ஓட்டுகிறவள் செத்துவிட்டாள் என்று
வண்டி தானே முடிவுசெய்து நின்றுவிடும்.
ஆறு வருடமாய் உயிரோடிருப்பதை
உள்ளங்கையால் நிரூபித்து வருகிறேன்.
அந்தக் கையை வியாழக்கிழமை ஓய்வில் கொண்டுவந்து
தந்திமேல் வைத்தால் என்ன செய்யும்?
நெரிக்கிறது.

கட்டைவிரல் உள்ளே போகணும் தில்லை,
மற்ற விரலுக்கு அடியில்,
மழைக்கு பஸ் ஸ்டாப்பில் ஒதுங்குறவன் மாதிரி.
கட்டை கீழே, சுட்டி மேலே.
கட்டை கனம், சுட்டி லேசு.
கனம், லேசு, கனம், லேசு,
அல்சூர் ஸ்டேஷன் படியில்
ஒரு காலில் மட்டும் செருப்போடு இறங்குவதுபோல.
ஏதோ பழைய ஓவியத்தில் தேவதையொருத்தி வாசிக்கும் படத்தைப்
பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தான்.
பார், மணிக்கட்டு எப்படிக் கிடக்கிறது என்றான்.
அவளுக்கு ஷிஃப்ட் இல்லை என்றேன்.

குதிரைக்குப் பக்கத்தில்
வெளிறிய பலகையில் ஒரு கறை,
பட்டாணி அளவு.
பசை என்று துடைக்கப் போனேன்,
கையைத் தட்டிவிட்டான்.
அது அவர் சுண்டுவிரல்.
ஊன்றி ஊன்றி வந்தது.
என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்,
தகரம் பேசியது.
ஓர் அங்குலம் தள்ளி, ரோஜா செதுக்கிய துளைப் பக்கம்
என் விரல் தானே ஓரிடம் பிடித்தது.

மழை மாதங்களில் பாதி வியாழன்
சுருதி சேர்ப்பதிலேயே போகும்.
மீதிப் பாதியில் சண்டை.
அப்படி ஒரு நாள், சண்டைக்கு நடுவில்,
கையை மறந்திருந்தபோது
வந்தது.
தனியே நிற்க முடியாத மெய்யெழுத்து ஒன்று
தனியே நின்றதுபோல.
மோசஸ் உப்புத்தாளைக் கீழே வைத்தான்.
விட்டுட்டே என்றான்.
திரும்பச் செய் என்றான். வரவில்லை.
அடுத்த வாரம் இரண்டு முறை வந்தது.

நவம்பரில் அவரே வந்தார். ஹெக்டே என்றார்.
கூலியை இடக்கையால் நீட்டி
மன்னிக்கணும் என்றார்.
வலக்கை மேஜைமேல்
யாரோ மறந்துவைத்துப் போன கையுறைபோல் கிடந்தது.
லூட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்,
தன் கறையைப் பார்த்தார்,
பிறகு பக்கத்தில் இன்னொன்றை.
சின்னது, இன்னும் வெளிர்.
மோசஸ் கூரையைப் பார்த்தான்.
நான் விரலை மடக்கி மறைத்தேன்.

கட்டைவிரல் உள்ளேயா, வெளியேயா?
கன்னடத்தில் கேட்டார், என்னிடம்தான்.
உள்ளே என்றேன்.
நான் வெளியே என்றார்.
அவ்வளவுதான் பேச்சு.
ஆட்டோ சீட்டில் அதை முதலில் ஏற்றிவிட்டு
அப்புறம் அவர் ஏறினார்.

வெள்ளிக்கிழமை, யார்டு, ஆறு பத்து.
கண்ணாடியில் தூறல்.
நெம்புகோலை அமுக்கினேன், வண்டி என்னை நம்பியது.
சுண்டுவிரல் மட்டும் பிடியைவிட்டு நீண்டு
பக்கத்துத் தகட்டில்
எதையோ தேடி ஊன்றி நின்றது.
நான் அதை மடக்கவில்லை.